பழைய டி.வி., உப்பிய கைப்பேசி, இன்வெர்ட்டர் பேட்டரி: எதை யாரிடம் கொடுப்பது?

கும்பகோணத்தில் பெற்றோர் இருந்த வீட்டைக் காலி செய்கிறீர்கள். பரணிலும் மாடி அறையிலும் சேர்ந்து கிடக்கும் மின்சாதனங்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, ஒரு பழைய கணினி, அதன் பருத்த மானிட்டர், ஒரு மடிக்கணினி, மூன்று கைப்பேசிகள், செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு கட்டு டியூப் லைட், ஓடாத ஃபிரிட்ஜ், இரண்டு மிக்ஸி, ஒரு பை நிறைய சார்ஜரும் வயரும் என்று நீங்கள் கொடுத்த பட்டியல் தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குப் பொருந்தும். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லியிருக்கிறார். குப்பை வண்டியில் வருபவர் டியூப் லைட்டை வாங்க மறுத்திருக்கிறார். அத்தனையையும் கடைக்காரரிடமே தள்ளிவிட்டால் தவறா என்பது உங்கள் கேள்வி.

அதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்று. மூன்று கைப்பேசிகளில் ஒன்று முதுகு உப்பி, மூடி பிளந்து நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் உள்ள மற்ற அனைத்தும் இன்னும் ஒரு மாதம் அங்கேயே கிடக்கலாம். அந்தக் கைப்பேசி கிடக்கக் கூடாது. லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாக மாறி, உறைக்குள்ளேயே அடைபட்டிருப்பதால்தான் அது உப்புகிறது. உள்ளே நேர்மின் தகட்டையும் எதிர்மின் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது தாளைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம் மட்டுமே. அதன்மேல் அழுத்தம் விழுந்தோ ஆணி பட்டோ கிழிந்தால் தகடுகள் உரசிக்கொள்ளும். அந்தச் சூடு இன்னும் சிதைவை உண்டாக்கும், அந்தச் சிதைவு மேலும் சூட்டை உண்டாக்கும். சில நொடிகளில் தீயாகிவிடும். அப்போது எழும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும் என்பதால், தீ சிறியதாக இருந்தாலும் அந்த அறையில் நின்று மூச்சு விடக் கூடாது.

ஆகவே அதைச் சார்ஜ் செய்து உள்ளே இருக்கும் படங்களை எடுத்துவிடலாம் என்று முயல வேண்டாம். மூடியை அழுத்தி மூடிப் பார்க்கவும் வேண்டாம்; ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் வித்தையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள், அதைச் செய்தால் நான் மேலே சொன்னதை நீங்களே தொடங்கி வைப்பதாகும். அணைத்து வைத்து, ஒரு தகர டின்னிலோ மண்சட்டியிலோ காய்ந்த மணலைப் போட்டு அதன்மேல் வைத்து, சமையல் எரிவாயு உருளை, திரைச்சீலை, மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத, வெயில் படாத வெளித்திண்ணையில் வையுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம். அந்தக் கைப்பேசி நிறுவனத்தின் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, "பேட்டரி உப்பியிருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மற்ற இரண்டு கைப்பேசிகளையும் மடிக்கணினியையும் பேட்டரியோடு அப்படியே வைத்திருக்கலாம்; தனியே கழன்று கிடக்கும் பேட்டரிகள் இருந்தால் அவற்றின் முனைகளில் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். பொத்தான் அளவிலான பேட்டரிகள் கிடைத்தால் அவற்றின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும் பொருள் அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழுதுபார்க்கும் தொழிலிலும், பிறகு மின்கழிவைப் பிரிக்கும் கூடத்திலும் இருந்தவன் என்ற முறையில், காயலான் கடைக்காரரைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. நம் ஊரில் வீடு வீடாகச் சென்று பழைய பொருளைத் திரட்டும் வேலையை அவரைப் போல் ஒழுங்காக எந்த நிறுவனமும் செய்ததில்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து அந்தத் தொழில் நடந்து வருகிறது. சிக்கல் அவர் வாங்குவதில் இல்லை. வாங்கிய பிறகு அவருக்கு வேண்டாததை என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. ஒரு பொருளில் விலைபோகும் பகுதியும் உண்டு, விலைபோகாத நஞ்சும் உண்டு. அவர் உங்களுக்குச் சொல்லும் விலை முதல் பகுதியைக் கணக்கிட்டுச் சொல்வது. இரண்டாவது பகுதியை முறையாக அகற்றச் செலவாகும். அந்தச் செலவு அவர் கணக்கில் இல்லாததால்தான் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனம் தருவதைவிட அவரால் கூடுதலாகத் தர முடிகிறது. எந்தப் பொருளை யாரிடம் கொடுப்பது என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்துவிடலாம் என்பது என் கருத்து.

தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். 2006-க்கும் 2011-க்கும் இடையே தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. ஏறக்குறைய ஒரே அளவிலான அந்தப் பெட்டிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழசாகிப் பரண்களுக்குப் போயின. மின்னணுப் பொருள்களில் ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவற்றுக்கு இந்தியாவில் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2014 மே மாதத்தில்தான் என்பதால், அவை எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டுக்கு முற்பட்டவை. அப்படி ஒரு பெட்டி கடைக்குப் போனதும் நடப்பது இதுதான்: முதுகுப்புறப் பிளாஸ்டிக்கைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளப்பார்கள். உள்ளே பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றி ஒரு செம்புச் சுருள் இருக்கும், யோக் என்பார்கள். அதைக் கழற்ற மெனக்கெடாமல் கழுத்தையே ஒடித்து எடுப்பார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் காற்று உள்ளே பாயும் சீறல் கேட்கும். கைதவறினால் டியூபே உள்நோக்கி வெடித்துக் கண்ணாடிச் சில்லுகள் முகத்தில் தெறிக்கும். யோக் போயிற்று, ஸ்பீக்கரின் காந்தம் போயிற்று, திரையைச் சுற்றியுள்ள இன்னொரு சுருள் போயிற்று, சர்க்யூட் போர்டு தனிக் கோணிக்குப் போயிற்று. மிஞ்சுவது கண்ணாடி.

அந்தக் கண்ணாடிதான் பெட்டியின் எடையில் பெரும்பகுதி. எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக அதன் புனல் போன்ற பின்பகுதியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. முன்பெல்லாம் பழைய டியூபின் கண்ணாடியை உருக்கிப் புதிய டியூப் செய்தார்கள். அந்த வகைத் தொலைக்காட்சிகளே இப்போது தயாராவதில்லை, ஆகவே கண்ணாடியை வாங்குவார் இல்லை. கடைக்காரர் அதை ஊருக்கு வெளியே ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டுகிறார். அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ காசு கொடுத்துக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயகரக் கழிவுகளுக்கான பாதுகாப்பான புதைநிலத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் தொலைக்காட்சிக்கும் பருத்த மானிட்டருக்கும் அந்த நிறுவனம் ஒன்றுமே தராமல் போகலாம், எடுத்துச் செல்லக் கட்டணம்கூடக் கேட்கலாம். அதைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்; அது அந்தப் பொருளின் உண்மையான விலை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பின்மூடியைத் திறக்காமல், யோக்கை யாரும் உருவ விடாமல், முழுதாகக் கொடுப்பது. செம்பு போன பெட்டியை எந்த மறுசுழற்சி நிறுவனமும் ஆசையாக வாங்காது. திறக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு: டியூபின் பக்கவாட்டில் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கக்கூடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்பதால் அவை தொடத் தகுந்தவை ஆகிவிடா.

கணினி, மடிக்கணினி, கைப்பேசிகள் இவற்றில் கதை வேறு. இங்கே நஞ்சும் விலையும் ஒரே பலகையில் இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி பத்து லட்சம் கைப்பேசிகளிலிருந்து ஏறத்தாழ 16 டன் செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம், 15 கிலோ பல்லேடியம் எடுக்கலாம். உங்கள் ஒரு கைப்பேசியில் இருக்கும் தங்கம் ஒரு கிராமில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். அதற்காக வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஆசைப்படுவோர் இருப்பதால் சொல்கிறேன். அந்தத் தங்கத்துக்காகத்தான் தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் சிறு பட்டறைகளில் போர்டுகளைக் கரி அடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கிறார்கள். மிச்சத்தை நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஊறப்போடுகிறார்கள். வாட்டும்போது ஈயப் பற்றவைப்பின் ஆவி வருகிறது. ஊறிய அமிலம் பிறகு சாக்கடைக்குப் போகிறது. அத்தனை செய்தும் தங்கத்தில் ஒரு பகுதியும், பல்லேடியம் போன்றவற்றில் பெரும்பகுதியும் வீணாகின்றன. பெல்ஜியத்தின் ஹோபோகனில் உள்ளது போன்ற பெரிய உருக்காலைகள் அதே போர்டிலிருந்து பதினைந்துக்கும் மேற்பட்ட உலோகங்களை, புகையை வடிகட்டிக்கொண்டே பிரித்தெடுக்கின்றன. ஆகவே போர்டு உள்ள எதுவும் கடைக்காரரிடம் போகாமல் இருப்பது நலம்.

பை நிறைய இருக்கும் வயரும் சார்ஜரும் அற்பமாகத் தெரியும். செம்புக்காக வயரை உரிப்பவர் எல்லா வயரையும் உரிப்பதில்லை. மெல்லிய வயர் உரிக்கக் கட்டுப்படியாகாது என்பதால் அதைக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். வயரின் மேலுறையான பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின்கள் என்னும் கொடிய நச்சுகள் உண்டாகின்றன. தொலைக்காட்சியின் கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டிலும், தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள் இருக்கின்றன. அது தரம் பிரிக்கப்படாமல் உருக்கப்பட்டு மலிவான கறுப்புப் பிளாஸ்டிக் பொருள்களாகத் திரும்பி வருவது உலகெங்கும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே சார்ஜர்களையும் மெல்லிய வயர்களையும் போர்டுகளோடு சேர்த்துக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் தரவு. கைப்பேசியில் வெறுமனே கோப்புகளை அழிப்பது போதாது. முதலில் கூகுள் கணக்கிலிருந்து, ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கிலிருந்தும் தொலைந்த கருவியைத் தேடித்தரும் வசதியிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கிச் செயலிகளையும் யு.பி.ஐ. செயலிகளையும் நீக்குங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த கைப்பேசிகள் தம் நினைவகத்தைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தே வைத்திருப்பதால், ரீசெட் செய்யும்போது அதன் திறவுகோல் அழிந்து, தரவு மீளாது. 2015-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அமைப்புகளில் போய் முதலில் குறியாக்கத்தைச் செயல்படுத்தி, பிறகு ரீசெட் செய்யுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். கணினியின் ஹார்டு டிஸ்கை, அது இயங்கினால், முழுமையாக ஒருமுறை மேலெழுதி அழிக்கும் மென்பொருளால் துடைக்கலாம். இயங்காவிட்டால் அதை மட்டும் கழற்றி, வட்டுகளின் ஊடாக நாலைந்து துளை போட்டுவிட்டு மற்றவற்றோடு கொடுங்கள். வீட்டில் எதையும் பிரிக்காதீர்கள் என்ற என் பேச்சுக்கு இது ஒரு விலக்கு. எஸ்.எஸ்.டி. எனப்படும் நினைவகத்துக்குத் துளை நம்பகமான வழி அன்று, சில்லு தப்பிவிடும். அதற்குத் தயாரிப்பு நிறுவனம் தரும் அழிப்பு மென்பொருளே சரி.

இன்வெர்ட்டர் பேட்டரியை உங்கள் கடைக்காரர் ஆர்வமாகக் கேட்டிருப்பார். வியப்பில்லை: அறுபது கிலோ அளவுக்கு எடையுள்ள ஒரு டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் ஈயம்தான். முறையாகச் செய்தால் ஏறத்தாழ முழுவதும் மீட்கக்கூடிய உலோகம் அது. முறையின்றிச் செய்தால் இந்தப் பட்டியலிலேயே மிக அதிகமான கேட்டைச் செய்வதும் அதுவே. குடியிருப்புகளுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில், கத்தியால் பேட்டரியைப் பிளந்து அமிலத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தட்டுகளைத் திறந்த உலையில் உருக்கும் இடங்கள் உண்டு. அங்கே மண்ணில் படியும் ஈயம் குழந்தைகளின் விரல் வழியாக வயிற்றுக்குப் போகிறது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவுக்கு ஈயம் இருக்கிறது என்றும், அதற்கு இத்தகைய பேட்டரி உருக்கல் ஒரு முக்கியக் காரணம் என்றும் யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொல்லிற்று. இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 27 கோடி.

நல்லவேளையாக, இதற்கு வழி எளிது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. எந்த ஊரிலும் பேட்டரி விற்பனைக் கடைகள் பழையதற்கு விலை போட்டு எடுத்துக்கொள்கின்றன. புதியது வாங்காவிட்டாலும் எடையைப் பார்த்துப் பணம் தருவார்கள். உள்ளே இருக்கும் திரவத்தைக் கொட்டிவிட்டுத் தூக்கினால் கனம் குறையுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கந்தக அமிலம், அதில் ஈயமும் கரைந்திருக்கிறது. கிணறும் தென்னையும் உள்ள கொல்லையில் அதைக் கவிழ்ப்பதைவிடக் கூலிக்கு இரண்டு ஆளை வைப்பது மலிவு. நிமிர்த்தியே வைத்து, நிமிர்த்தியே ஏற்றுங்கள்.

டியூப் லைட்டை வாங்க மறுத்த குப்பை வண்டிக்காரர் செய்தது சரி, ஆனால் வேறு எங்கே கொடுப்பது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் ஆவியாக அடைபட்டிருக்கிறது. உடையாதவரை அது ஒன்றும் செய்யாது. உடைத்துப் பொட்டலம் கட்டிக் குப்பையில் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைத்தான் செய்யக் கூடாது. கை தவறி உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, எல்லாரும் ஒரு கால் மணி நேரம் அறையை விட்டு வெளியேறுங்கள். பிறகு துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ பெருக்காமல், தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி, பொடியை டேப்பால் ஒற்றியெடுத்து, ஈரத் தாளால் துடைத்து, அனைத்தையும் ஒரு மூடிபோட்ட பாட்டிலில் அடையுங்கள். மீதியை, வாங்கிய அட்டை உறைகள் இருந்தால் அவற்றில், இல்லாவிட்டால் செய்தித்தாளில் சுற்றி நிற்க வையுங்கள். இத்தகைய வீட்டு அபாயகரக் கழிவுகளுக்கு இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. எல்லா ஊரிலும் அது நடந்துவிடவில்லை. கும்பகோணம் மாநகராட்சியின் சுகாதார அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்; இல்லையென்றால் மற்ற மின்கழிவோடு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள், பாதரச விளக்குகளும் மின்கழிவு விதிகளின் பட்டியலில் அடங்கியவைதான். எல்.இ.டி. பல்பில் பாதரசம் இல்லை; உள்ளே சிறு போர்டு இருப்பதால் அதுவும் சார்ஜர் பையில் சேர வேண்டியது.

ஃபிரிட்ஜில் கவலை உலோகம் அன்று, வாயு. பின்புறம் கம்ப்ரெசருக்கு அருகில் ஒட்டியுள்ள சீட்டில் எந்த வாயு என்று எழுதியிருக்கும். ஆர்-12 என்றிருந்தால் அது ஓசோன் படலத்தை அரிக்கும் பழைய வகை. 2010-க்குள் இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் 1,400 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும். கடைக்காரர் செய்வது செம்புக் குழாயை ஒரு வெட்டு, கம்ப்ரெசரை ஒரு இழுப்பு. எந்த வாயுவானாலும் அந்த நொடியில் காற்றில் கலந்துவிடும். புதிய ஃபிரிட்ஜ் வாங்கும் எண்ணம் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி எண்ணில் திரும்பப் பெறச் சொல்லுங்கள். அதுவரை அது வெளியே நிற்குமானால் கதவைக் கழற்றிவிடுங்கள், அல்லது கயிற்றால் இறுகக் கட்டுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால், பழைய வகைக் கதவு உள்ளிருந்து திறக்காது.

மிக்ஸிகள் இரண்டையும் கடைக்காரரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். செம்புச் சுற்று, இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் இவ்வளவுதான். அவர் தொழிலுக்கு ஏற்ற சரக்கு. பழைய மேசை விசிறி, இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் மோட்டார், தடித்த வீட்டு வயர் இவையும் அப்படியே. ஆனால் அதற்கு முன் அருகில் உள்ள காயில் கட்டும் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது கப்ளர் பிய்ந்திருக்கும். மடிக்கணினியும்கூட, அதன் மெமரியையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்றினால், இன்னும் சில ஆண்டு ஓடக்கூடும். ஓடும் பொருளைத் தெரிந்த குடும்பத்துக்குக் கொடுப்பது எந்த மறுசுழற்சியைவிடவும் மேல்.

மீதமுள்ளது, யாரிடம் என்பது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 106 வகைப் பொருள்களுக்குப் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்றதில் குறிப்பிட்ட விழுக்காட்டை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடமிருந்து வாங்கிக் காட்ட வேண்டும். 2025-26, 2026-27 ஆண்டுகளுக்கு அது 70 விழுக்காடு, அதன்பின் 80. அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களை எவ்வளவு மீட்டார்கள் என்ற கணக்கில் தரப்படுகிறது. என் பார்வையில் இதுவே இந்த ஏற்பாட்டின் ஓட்டை: ஈயக் கண்ணாடியையும் பாதரசத்தையும் ஒழுங்காக அகற்றியவருக்குத் தனியாக ஆதாயம் எதுவும் இல்லை. சான்றிதழ் அடிமாட்டு விலைக்குப் போவதைத் தடுக்க அரசு வீட்டுச் சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று வரையறுத்தபோது, பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சட்டம் இருந்தும் உங்கள் வாசலுக்கு யாரும் வராததன் காரணம் இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

எனவே முயற்சி உங்களுடையதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பொருளின் நிறுவனமும் தன் இணையதளத்தில் மின்கழிவு என்ற பகுதியில் தொலைபேசி எண்ணையும் சேகரிப்பு இடங்களையும் வெளியிட்டிருக்கும். முதலில் அங்கே கேளுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலும் இணையத்தில் கிடைக்கிறது. தஞ்சாவூரில் உள்ள வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். அந்த நிறுவனங்களில் பல சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் இருப்பதால், ஒரு வீட்டுச் சரக்குக்காகக் கும்பகோணத்துக்கு வண்டி அனுப்பத் தயங்குவார்கள். தெருவில் நான்கைந்து வீடுகளிலும் அதே அரசுத் தொலைக்காட்சி பரணில் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். ஒரு சிறிய சரக்கு வண்டி நிறையும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் பேச்சு மாறும். கைப்பேசி, மடிக்கணினி, சார்ஜர் பை இவற்றை நீங்கள் சென்னைக்குத் திரும்பும்போது காரிலேயே கொண்டுவந்துவிடலாம், உப்பிய கைப்பேசியைத் தவிர.

"நாங்கள் கவர்ன்மென்ட் லைசென்ஸ் உள்ளவர்கள்" என்று சொல்லிக்கொண்டு வருபவர் எல்லாரையும் நம்ப வேண்டாம். சேகரிக்க மட்டும் ஆள் வைத்து, போர்டுகளைப் பிடுங்கி விற்றுவிட்டு மிச்சத்தைக் கொட்டும் கடைகளும் அந்தப் பெயரில் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் பதிவு எண் இருக்கிறதா, பதிவு மறுசுழற்சி செய்வதற்கா அல்லது பழுதுபார்த்து விற்பதற்கு மட்டுமா என்று கேளுங்கள். பிக்சர் டியூபின் கண்ணாடியை எங்கே அனுப்புகிறீர்கள் என்றும் கேளுங்கள். உண்மையில் அந்தத் தொழிலைச் செய்பவர் இடத்தின் பெயரைச் சட்டென்று சொல்வார். ஒவ்வொரு பொருளும் எடையும் எழுதிய ரசீதில் அந்தப் பதிவு எண்ணும் இருக்கட்டும்.